நாலாவது கயிறு

வயிற்று வலி வந்த குதிரை தன் வயிற்றைத்தான் திரும்பிப் பார்க்கும். பதினோரு வருஷமாக மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுநடுவே குதிரைக்கும் வைத்தியம் பார்க்கிற மாதேஸ்வரிக்கு அது தெரியாத விஷயமில்லை. வலிக்கிற பக்கம் கழுத்தை வளைத்து, இங்கேதான் இங்கேதான் என்று காட்டுவது போல விலாவைப் பார்த்துவிட்டு, முன்னங்காலால் தரையைப் பறிக்கும். நூரியும் தரையைப் பறித்தது. நூரியும் இடது பக்கம்தான் திரும்பியது. ஆனால் அது பார்த்தது வயிற்றை இல்லை. வயிற்றுக்கு மேலே, முதுகுக்கும் மேலே, ஓர் ஆள் நின்றால் அவன் முகம் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் வெறும் காற்றைப் பார்த்தது. பார்த்துவிட்டு, யாருக்கோ இடம் விடுவது போல இரண்டடி வலப்பக்கம் நகர்ந்து நின்றது.

மழை இருட்டுக்கு மிரளுகிறது என்று மாதேஸ்வரி தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஸ்டெதஸ்கோப்பை மாட்டினாள்.

மணி நாலரைதான். காலையிலிருந்து கொட்டுகிற மழையில் ஷெட்டுக்குள் ஏழு மணி இருட்டு. குருபரப்பள்ளி தாண்டி, ஹைவேயை விட்டு ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே வந்தால் மூடிப்போன கம்பெனிகளும் மூடப்போகிற கம்பெனிகளுமாக ஒரு வரிசை இருக்கிறது. அதில் கடைசி, கிரானைட் அறுத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த இந்தத் தகர ஷெட். நாலு வருஷமாக இங்கே மிஷின் ஓடவில்லை. முன்பாதியில் வைக்கோல் பரப்பித் தடுப்பு கட்டி, நூரியையும் கல்யாண ஊர்வல சாரட்டையும் வைத்திருந்தார் நசருல்லா. பின்பாதியில் விலை போகாத கல் பலகைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நின்றன. அங்கே எப்போதும் பல்பு கிடையாது. கரன்ட் போனதால் இப்போது முன்பக்கமும் இல்லை. ஈரமான கல்தூளின் வாசனை, சுண்ணாம்பும் இரும்பும் கலந்த மாதிரி, தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.

மாதேஸ்வரி அஞ்செட்டிப் பக்கத்துப் பெண். மத்திகிரியில் தனியாக கிளினிக் வைத்திருக்கிறாள். பொம்பளை டாக்டர் குதிரையைப் பார்ப்பாளா என்று கேட்கிறவர்களுக்கு அவள் வாயால் பதில் சொல்வதில்லை. தோள்வரை கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு குதிரைக்குள் கையை விடுவாள், கேட்டவர் பேசாமல் நகர்ந்துகொள்வார். அப்படிப்பட்டவள் போன தை மாதம் ஒரு குதிரையைச் சாகவிட்டாள். இதே வலிதான். பெங்களூரிலிருந்து பெரிய டாக்டர் வரட்டும் என்று மூன்று மணி நேரம் காத்திருந்தாள். அவர் வந்தபோது குதிரை போயிருந்தது. அன்றைக்குக் காரில் திரும்பும்போது தனியாக உட்கார்ந்து அழுதாள். இனி யாருக்காகவும் காத்திருந்து ஓர் உயிரை விடமாட்டேன் என்று தன்மேலேயே சத்தியம் பண்ணிக்கொண்டாள்.

நசருல்லாவின் மனைவி ஃபகருன்னிசா குதிரையின் தலைப்பக்கம் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் சவாரி கற்றுக்கொடுக்கும் இடத்தில் நொண்டி என்று ஒதுக்கிய குதிரை அது. எட்டு மாதம் தினமும் வெந்நீரில் உப்புப் போட்டு அதன் காலை ஊறவைத்து நடக்க வைத்தவள் ஃபகருன்னிசாதான். விடிகாலை மூன்று மணியிலிருந்து வலியாம். நசருல்லா ஊரில் சொன்ன ஓமத் தண்ணியெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் போன் பண்ணியிருந்தார். அதற்காக அவரைத் திட்ட மாதேஸ்வரிக்கு நாக்கு துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஐம்பத்தைந்து வயசு ஆள், கல் தூக்கிய தோள். அந்தத் தோள் இப்போது மழையில் நனைந்த கோழி மாதிரி ஒடுங்கிப் போயிருந்தது.

இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு அறுபத்து நாலு; நல்ல குதிரைக்கு நாற்பதைத் தாண்டாது. இடது விலா உப்பியிருந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் காற்று வந்தது, அவ்வளவுதான். பிறகு கையுறையில் எண்ணெய் தடவி, வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, விரல்களைக் கூம்பாகக் குவித்து மெல்ல உள்ளே விட்டாள். முழங்கை, அதற்கு மேலும் கொஞ்சம். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே போனபிறகு கண்ணுக்கு வேலையில்லை.

குதிரையின் பெருங்குடலைக் கட்டிப்போட்டு வைக்க உள்ளே ஒன்றுமில்லை. அது பாட்டுக்கு வயிற்றுக்குள் மிதந்துகொண்டு கிடக்கும். வாயு சேர்ந்தால் மேலே ஏறும். இடது பக்கமாக ஏறினால், மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே தொட்டில் மாதிரி ஓர் இடுக்கு இருக்கிறது, அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் லேசில் இறங்காது. குடலின் மேல் ஓடுகிற பட்டைகள் இழுத்துக் கட்டின கயிறு மாதிரி அந்த இடுக்கை நோக்கியே போவதை அவள் விரல் தொட்டது. சந்தேகமே இல்லை.

பெங்களூருக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறக்கலாம். ஆனால் அத்திப்பள்ளியில் தண்ணீர் நின்று வண்டிகள் நகரவில்லை என்று போனில் வந்தது, நூரிக்கு லாரியில் நிற்கிற தெம்பும் இல்லை. மண்ணீரலைச் சுருக்குகிற மருந்து அவளிடம் இருந்தது. மனுஷ ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர்கள் வைத்திருப்பது, ஓசூரில் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கியது. அதைக் குளுக்கோஸ் பாட்டிலோடு மெல்ல ஏற்றி, மழையிலேயே முற்றத்தில் குதிரையை ஓட்டச் சொன்னாள். மண்ணீரல் சுருங்கி, குதிரை குலுங்கினால், குடல் நழுவி விழ வாய்ப்புண்டு. ஃபகருன்னிசா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு கூடவே ஓடினாள். ஒவ்வொரு சுற்றிலும் ஷெட்டின் பின்பக்க ஜன்னலைத் தாண்டும்போது நூரி காதைப் பின்னால் மடக்கியது. ஏழாவது சுற்றில் சேற்றிலேயே படுத்துவிட்டது.

எழுப்பி உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மணி ஆறு. துடிப்பு எழுபத்தாறு. இனி ஒரே வழிதான் பாக்கி. மயக்க ஊசி போட்டு, வலப்பக்கம் படுக்க வைத்து, கால்களைக் கயிறு கட்டி மேலே தூக்கி, மல்லாத்தி ஆட்டி, இடப்பக்கமாகப் புரட்டி இறக்க வேண்டும். உள்ளே ஏறி உட்கார்ந்திருப்பது அப்படியே சரிந்து இறங்கும். மயக்கம் இருபது நிமிஷம் தாங்கும். அதற்குள் முடிக்க வேண்டும்.

"நாலு கயிறு வேணும் பாய்," என்றாள்.

நசருல்லா வாங்கிவருகிறேன் என்றார். சூளகிரிக்குப் போய் வர ஒரு மணி நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? டார்ச்சைத் திருப்பினாள். பின்பாதியின் சுவரில், ஆணியில், கல் இழுத்த காலத்துக் கயிறுகள் நாலு தொங்கிக்கொண்டிருந்தன. கேட்காமலே போய் எடுத்து வந்தாள். மூன்றில் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. நாலாவதில், கை பிடிக்கிற இடத்தில் மட்டும், தூசியே இல்லை. ஒரு சாண் அகலத்துக்கு வழவழவென்று, சற்று ஈரமாக இருந்தது. கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்தாள். மேலே பார்த்தாள். அந்த இடத்தில் கூரை ஒழுகவில்லை.

"அந்தக் கயிறு வேணாங்க டாக்டரம்மா," என்றார் நசருல்லா. ஏன் என்று கேட்டதற்கு, மற்ற மூன்றையும் வாங்கித் தூசியைத் தட்டத் தொடங்கினார்.

கயிறு பிடிக்க ஆள் போதாது. பக்கத்து பிளாஸ்டிக் கம்பெனியின் வாட்ச்மேன் கங்கப்பனை மாதேஸ்வரியே போய்க் கூப்பிட்டாள். குடையோடு வாசல்வரை வந்தவர், கேட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். கன்னடமும் தமிழும் கலந்து அவர் சொன்னதை அவள் பொறுமையில்லாமல்தான் கேட்டாள். கல் இழுக்கிறவர்களுக்குள் ஒரு கட்டு உண்டாம். கயிற்றைப் பிடித்தவன் கல்லைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் நிற்கிறவனைப் பார்க்கக் கூடாது. மேஸ்திரியின் குரலை மட்டும் கேட்க வேண்டும். பிடி என்றால் பிடி, ஏத்து என்றால் ஏத்து. விடு என்ற சொல் வரும்வரை உள்ளங்கைத் தோல் உரிந்தாலும் விடக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி மழை, இதே மாதிரி கரன்ட் இல்லை. பலகை சரிந்தது. மேஸ்திரி சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஓடிவிட்டார். அவர் ஓடுவதைப் பார்த்த மூன்று பேர் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். நாலாவது ஆள் பலகைக்குப் பின்னால் நின்றான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. சொல் வரட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றான்.

"கல்லை எடுத்தப்பவும் கையில கயிறு இருந்துச்சு மேடம். அறுத்துத்தான் எடுத்தாங்க," என்றார் கங்கப்பன். "எந்த ஊருப் பையன்னுகூட யாருக்கும் தெரியாது. அந்தக் கயிறைத் தொடாதீங்க. பேடா மேடம், வேணாம்."

மாதேஸ்வரிக்குக் கோபம்தான் வந்தது. செத்தவனுக்காக வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளே ஒன்று சாகக் கிடக்கிறது, வெளியே ஒருவர் குடை பிடித்துக்கொண்டு கதை சொல்கிறார். நீங்கள் வரவேண்டாம், இங்கேயே நின்று மழையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். முதுகுத்தண்டு சில்லென்று இருந்ததை மழை என்று சொல்லிக்கொண்டாள்.

இருக்கிற ஆட்களை வைத்துப் பிரித்தாள். முன்னங்கால் இரண்டின் கயிறும் ஃபகருன்னிசா கையில். வலது பின்னங்காலின் கயிற்றை மேலே இரும்பு உத்தரத்தில் போட்டு நசருல்லா இழுப்பார். இடது பின்னங்காலுக்கு அந்த நாலாவது கயிறு; அதையும் அதே உத்தரத்தில் வீசிப் போட்டாள். அதன் நுனி கல் பலகைகளுக்குப் பின்னால் போய் விழுந்தது. ஊசி போட்டு நூரி படுத்தபிறகு போய் எடுத்துத் தூணில் கட்டிக்கொள்ளலாம், தானே ஒரு கை கொடுக்கலாம் என்று கணக்கு.

"நாலும் ஒண்ணா ஏறணும். நீங்க குரல் குடுங்க பாய். உங்களுக்குத்தான் பழக்கம்," என்றாள்.

நசருல்லா தலையை ஆட்டினார். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க." அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

ஊசி ஏறியது. நூரியின் முழங்கால்கள் மடங்கின. ஃபகருன்னிசா தலையை மடியில் தாங்கி இறக்கினாள். வலப்பக்கம் சரியாகப் படுத்தது. மாதேஸ்வரி எமர்ஜென்சி விளக்கை சாரட்டின் சீட்டில் வைத்தாள். மணிக்கட்டில் நேரத்தைப் பார்த்துக்கொண்டாள். ஆறு இருபத்திரண்டு. தகரத்தில் மழை இரைச்சல். குதிரையின் நீண்ட மூச்சு. அதற்கு நடுவே இன்னொரு மூச்சு இருந்த மாதிரி இருந்தது, கனத்தை எடுக்கப் போகிறவன் நெஞ்சை நிரப்பிக்கொள்கிற மாதிரி. நசருல்லாவாக இருக்கும்.

"பிடி," என்றாள். இருக்கிற கயிறுகள் முறுக்கேறட்டும், பிறகு நாலாவதை எடுக்கப் போகலாம் என்றுதான்.

முறுக்கேறியது. ஃபகருன்னிசாவின் இரண்டும். நசருல்லாவின் ஒன்று. நாலாவதும்.

தரையில் பாம்பு மாதிரி கிடந்தது, விறுவிறுவென்று உத்தரத்தில் ஏறி, நீண்டு, விறைத்து நின்றது. கங்கப்பன் மனசு மாறி உள்ளே வந்துவிட்டார் போல என்று ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். வாசலைப் பார்த்தாள்.

கேட்டுக்கு வெளியே, மழையில், குடை நின்றுகொண்டிருந்தது.

விளக்கு வெளிச்சம் கல் பலகைகளின் முகம்வரை போய் நின்றது. அதற்குப் பின்னால் இருட்டு. அந்த இருட்டுக்குள் கயிறு போயிருந்தது. பீடி வாசனையும் ஈரத் தேங்காய்நாரின் வாசனையும் கலந்து வந்தது. நசருல்லா உத்தரத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டுக்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தார். ஃபகருன்னிசாவின் கண் குதிரையின் முகத்தை விட்டு நகரவே இல்லை. அவள் பார்க்கவில்லை. நல்லது.

ஓடியிருக்கலாம். ஓடினால் மூன்று நிமிஷத்தில் கார். பத்து நிமிஷத்தில் ஹைவே டீக்கடை. இங்கே காலைக் கட்டிய குதிரை மயக்கம் தெளிந்து, உதறி, குடல் வெடித்துச் சாகும். தை மாதத்துக் குதிரையின் கண் ஞாபகம் வந்தது. பயத்துக்கு மேலே கோபம் ஏறியது. நல்ல கோபம். அது அவளுக்குப் பழகின துணை.

"யாரா இருந்தாலும் சரி," என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள். "வந்துட்டே இல்ல? ஒழுங்கா இழு. ஏத்து."

பின்னங்கால்கள் மேலே ஏறின. நசருல்லாவின் பக்கம் திணறித் திணறி ஏறியது. இடது பக்கம் பிசிறில்லாமல், சாண் சாணாக, ஒரே சீராக ஏறியது. அப்படி இழுக்கிற ஆளை அவள் பார்த்ததில்லை. நூரியின் வயிறு சரிந்து மேலே வந்தது. அவள் இரண்டு கையாலும் விலாவைத் தள்ளினாள். மல்லாந்தது. ஆட்டினாள். முஷ்டியால் இடது விலாவைக் குத்தி ஆட்டினாள். "நில்லு. இன்னும் கொஞ்சம் ஏத்து. நில்லு." ஒவ்வொரு சொல்லுக்கும் கயிறு கீழ்ப்படிந்தது. உள்ளே எங்கேயோ தண்ணீர்க் குடம் கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. நீளமாக ஒன்று.

இறங்கிவிட்டது. இறங்கியிருக்க வேண்டும். மனசு துள்ளியது. இடப்பக்கமாகப் புரட்டினாள், குதிரை மெத்தென்று வைக்கோலில் சாய்ந்தது.

"விடு."

ஃபகருன்னிசாவின் கயிறுகள் விழுந்தன. நசருல்லாவின் கயிறு விழுந்தது.

நாலாவது விழவில்லை.

இடது பின்னங்கால் அந்தரத்திலேயே நின்றது. தொடை ஒருபக்கமாக முறுகி, உடம்பின் கனமெல்லாம் இடுப்பு மூட்டில் தொங்கியது. "விடு," என்றாள் மறுபடி. "விடுப்பா. முடிஞ்சிருச்சு." கயிறு அசையவில்லை. நேரம் ஆறு முப்பத்தேழு. நூரியின் காது துடித்தது. கண்மணி பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. இன்னும் சில நிமிஷம். தெளிந்து உதறினால் இடுப்பு உடையும். இடுப்பு உடைந்த குதிரையை யாராலும் காப்பாற்ற முடியாது.

அவள் நசருல்லாவைப் பார்த்தாள். அவர் இப்போது கண்ணைத் திறந்திருந்தார். அந்தக் கண்ணில் பயம் இருந்தது, பயத்துக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. தெரிந்த ஆளைப் பார்க்கிற பார்வை அது.

"அந்த மேஸ்திரி நீங்கதானா பாய்?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"அப்ப நீங்க சொல்லுங்க. விடச் சொன்னா அவன் என் பேச்சைக் கேக்க மாட்டான். நாலு வருஷமா உங்க பேச்சுக்குத்தான் நிக்கிறான். ஒரே சொல்லு பாய். சொல்லுங்க."

வாய் திறந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கல் பலகைகளுக்குப் பின்னால் கால் மாற்றி நிற்கிற சரசரப்பு கேட்டது. கல்தூளில் வெறுங்கால். நசருல்லா ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி. பிறகு திரும்பி, மழைக்குள் ஓடிவிட்டார்.

ஃபகருன்னிசா கணவன் போன திசையை ஒரு தடவை பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. "நீங்க செய்யுங்கம்மா. நான் இவளை விட்டு எங்கயும் போவல," என்றாள்.

மாதேஸ்வரி பையிலிருந்து குளம்பு சீவுகிற கத்தியை எடுத்தாள். கயிற்றை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அறுத்தாள். நார் நாராக அறுந்தது. கடைசி இழை தெறித்தது. கால் வைக்கோலில் விழுந்தது. மேலே போன பாதி உத்தரத்தில் ஊர்ந்து, சாண் சாணாக, அவசரமே இல்லாமல், இருட்டுக்குள் போனது. முழுக்கப் போனது. பிறகு சத்தம் இல்லை.

நூரி தலையைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றியது. தடுமாறியது, இன்னொரு தடவை முயன்றது, நின்றுவிட்டது. நாலு காலும் பூமியில். நீளமாக வாயு பிரிந்தது. அதைக் கேட்டு ஃபகருன்னிசா அழுதுகொண்டே சிரித்தாள். மாதேஸ்வரியும் சிரித்தாள். இருட்டைப் பார்த்து, இவளைப் பிடித்துவைக்க உன்னாலும் முடியவில்லை பார் என்று மனசுக்குள் ஒரு தடவை சொன்னாள்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. குடல் நிஜமாகவே இடத்துக்கு வந்துவிட்டதா என்று கையால் பார்க்காமல் எந்த டாக்டரும் கிளம்ப மாட்டார். புதுக் கையுறை. எண்ணெய். வாலை ஒதுக்கினாள். விரல்களைக் குவித்து உள்ளே விட்டாள். கதகதப்பு. முழங்கை. இன்னும் கொஞ்சம். கண்ணை மூடினாள். இழுத்துக் கட்டின பட்டைகள் இல்லை. குடல் கீழே, தன் இடத்தில், தளர்ந்து கிடந்தது. மண்ணீரல் சுவரோடு ஒட்டியிருந்தது. அந்த இடுக்கைத் தேடினாள். காலி. நாலு விரலும் தாராளமாக அதன்மேல் படிந்தன. ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு விம்மியது.

அந்த விரல்களை ஏதோ பிடித்தது.

குடல் சுருங்கியது என்று நினைத்தாள். இல்லை. நாலு விரல், ஒரு கட்டைவிரல். நடுவில் குடலின் மெல்லிய சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஓர் உள்ளங்கை. உள்ளங்கைக் குறுக்கே கயிறு பிடித்துக் காய்ச்ச மேடு, வரிசையாக. அத்தனை சூட்டுக்கு நடுவிலும் அது குளிர்ந்திருந்தது.

"விடு," என்றாள்.

பிடி இறுகியது.

"அக்கா. பாயைக் கூப்பிடுங்க. போன் பண்ணுங்க. வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

ஃபகருன்னிசா ஒரு கையால் குதிரையைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்து அழுத்தினாள். சாரட்டின் சீட்டில், விளக்குக்குப் பக்கத்தில், நசருல்லாவின் போன் அடித்தது. வெளியே மொபெட் கிளம்புகிற சத்தம். ஹைவே பக்கமாகப் போய், தேய்ந்து, மழையில் கரைந்தது.

"என்னாச்சும்மா? இன்னும் சரியாவலியா?" என்றாள் ஃபகருன்னிசா.

மாதேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள். குதிரையின் மலக்குடல் நனைந்த காகிதம் மாதிரி. உதறிக் கையை இழுத்தால் கிழியும். கிழிந்தால் இரண்டு நாள், அதற்கு மேல் தாங்காது. உதறாமல், அவன் இழுப்புக்கு வளைந்து கொடுத்து, கூடவே போனால் கிழியாது. அது அவளுக்குத் தெரியும்.

"சரியாயிடுச்சுக்கா," என்றாள். "நூரி பொழச்சிக்கிட்டா. தலையைப் பிடிச்சுக்கங்க. அசைய விடாதீங்க."

நூரி கழுத்தை நீட்டி ஒரு வாய் வைக்கோலை இழுத்தது. நிதானமாக மென்றது. பதினாறு மணி நேரத்துக்குப் பிறகு முதல் வாய்.

மாதேஸ்வரி கால்களை அகற்றி ஊன்றிக்கொண்டாள். இவளை மட்டும் உனக்குத் தரமாட்டேன். உள்ளே, அந்த மெல்லிய சுவருக்கு மேலாகவே, தன் விரல்களை மடக்கி அந்தக் கையைத் திருப்பிப் பிடித்தாள். காய்ச்ச மேடு அவள் உள்ளங்கையில் அழுந்தியது.

இழுப்பு தொடங்கியது. ஒரு சாண். நிறுத்தம். இன்னொரு சாண். தோள் உள்ளே போயிற்று. கன்னம் குதிரையின் ஈரத் தொடையில் பதிந்தது. நூரி மென்றுகொண்டிருந்தது. இன்னொரு சாண்.

அவள் விடவில்லை.